அத்தியாயம் 4: முன்சக்கரமா, பின்சக்கரமா? முதல் ராலி காரைத் தேர்ந்தெடுப்பது

ராலியில் இறங்க நினைப்பவர்கள் கார் தேடும்போது முதலில் விசாரிப்பது இன்ஜினைத்தான். எத்தனை சி.சி., எத்தனை பி.ஹெச்.பி. என்ற பேச்சிலேயே நேரம் போய்விடுகிறது. ஆனால் ஸ்டேஜில் உங்கள் நேரத்தையும், சர்வீஸ் பார்க்கில் உங்கள் செலவையும் அதைவிட அதிகமாகத் தீர்மானிக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. இன்ஜினின் சக்தி எந்தச் சக்கரங்களுக்குப் போகிறது என்பதே அது. சக்தி முன்சக்கரங்களுக்குப் போகும் ஃப்ரன்ட் வீல் டிரைவ் காரை இந்த அத்தியாயத்தில் முன்சக்கரக் கார் என்றும், பின்சக்கரங்களுக்குப் போகும் ரியர் வீல் டிரைவ் காரைப் பின்சக்கரக் கார் என்றும் சுருக்கமாகச் சொல்வோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இருந்துகொண்டு, சொந்தக் காசைப் போட்டு முதல் ராலி காரைக் கட்டுபவர் முன்சக்கரக் காரில் தொடங்குவதே நல்லது. பின்சக்கரக் கார் எந்த வகையிலும் மட்டமானதல்ல. சில தரைகளில் அதுவே வேகமானது, ஓட்டக் கற்றுக்கொடுப்பதிலும் அதற்கு ஈடில்லை. ஆனால் நாம் ஓட்டப்போகும் தரை, நமக்குக் கிடைக்கும் உதிரிபாகம், நாம் சேரக்கூடிய போட்டி வகுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தராசு முன்சக்கரத்தின் பக்கம் சாய்கிறது. ஏன் என்பதைப் புரிந்துகொண்டு வாங்குங்கள். புரியாமல் வாங்கிய காரை அடுத்த சீசனிலேயே விற்கத் தோன்றும்.

எடை எங்கே நிற்கிறது?

சக்கரம் தரையைப் பிடிப்பதற்கு டயர் ஒரு காரணம், அந்தச் சக்கரத்தின் மேல் இறங்கும் எடை இன்னொரு காரணம். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் குறுக்காக அமர்ந்திருக்கும் முன்சக்கரக் காரில், மொத்த எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் முன்சக்கரங்களில் நிற்கும். இன்ஜின் முன்னால் நீளவாக்கில் இருந்து, ஷாஃப்ட் வழியாகப் பின்னால் சக்தி போகும் காரில் முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாக இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கார்களும் 900 கிலோ, வீல்பேஸ் 2.4 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். முன்சக்கரக் காரில் 62 சதவீதம், அதாவது 558 கிலோ, முன்னால் நிற்கிறது. பின்சக்கரக் காரில் 48 சதவீதம், அதாவது 432 கிலோ, பின்னால் நிற்கிறது. நின்றபடி இருக்கும்போது, இயக்கும் சக்கரத்தின் மேல் எடை அதிகம் உள்ளது முன்சக்கரக் காரில்தான்.

இப்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறோம். கார் முன்னே பாயும்போது எடை பின்னால் சாய்கிறது. எவ்வளவு சாயும் என்பதற்கு வாய்ப்பாடு எளிது: எடையை வேகமுடுக்கத்தால் பெருக்கி, மைய உயரத்தால் பெருக்கி, வீல்பேஸால் வகுக்க வேண்டும். சரளையில் ஒரு சாதாரண கார் புவியீர்ப்பில் 0.3 மடங்கு வேகமுடுக்கம் பெற்றால், சுமார் 56 கிலோ பின்னால் போகும். முன்சக்கரக் காரின் முன்னால் 502 கிலோ மிச்சம். பின்சக்கரக் காரின் பின்னால் 488 கிலோ சேர்ந்துவிட்டது. வித்தியாசம் வெறும் 14 கிலோ. சமதளச் சரளையில் எந்தக் கார் வேகம் என்ற வாக்குவாதம் முடிவுக்கே வராததற்கு இதுதான் காரணம்.

தரையை மாற்றிப் பாருங்கள். நல்ல தாரில், சக்தியும் டயரும் இடம் கொடுத்து வேகமுடுக்கம் 0.6 மடங்கு ஆனால், 112 கிலோ பின்னால் சாயும். முன்சக்கரக் காருக்கு 446, பின்சக்கரக் காருக்கு 544. அங்கே பின்சக்கரம் கைவிரிக்காமல் தள்ளும், முன்சக்கரம் சுழன்று புகையும். சரளையிலேயே 10 டிகிரி ஏற்றம் வந்தால், மேலும் 33 கிலோ பின்னால் போகும். 469-க்கு எதிராக 521. ஏற்றத்தில் பின்சக்கரக் கார் முந்தும். இறக்கத்தில் கணக்கு அப்படியே தலைகீழ்.

இந்த எண்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது: சக்தி கூடக் கூட, பிடிப்பு கூடக் கூட, ஏற்றம் கூடக் கூட, பின்சக்கரத்துக்கு லாபம். சக்தி குறைவாக, தரை இளகியதாக, சமதளமாக அல்லது இறக்கமாக இருந்தால் முன்சக்கரத்துக்கு லாபம். புதியவர் கட்டும் சின்ன இன்ஜின் கார் இரண்டாவது பக்கத்தில்தான் நிற்கிறது.

நீங்கள் வாங்க நினைக்கும் காரின் எடையை நீங்களே அளந்துகொள்ளலாம். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பூந்தமல்லி பக்க நெடுஞ்சாலையிலும் லாரிகளுக்கான எடை மேடைகள் உண்டு. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். முதலில் முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள். அடுத்து முழுக் காரையும் ஏற்றி இன்னொரு சீட்டு. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் முன்பக்கச் சதவீதம் கிடைத்துவிடும். லாரி மேடை 5 அல்லது 10 கிலோ படிகளில்தான் காட்டும், அது போதும். டேங்கில் பாதி பெட்ரோல், டிரைவர், நேவிகேட்டர், ஸ்டெப்னி எல்லாம் ஏறிய நிலையில் எடுப்பதே சரியான அளவு. ரோல் கேஜ் போட்டபின் மறுபடி ஒருமுறை எடுத்து, இரண்டு சீட்டுகளையும் காரின் ஃபைலில் வையுங்கள். ஸ்டெப்னியையும் டூல்ஸையும் எங்கே கட்டுவது என்று முடிவெடுக்கும்போது இந்த இரண்டு எண்கள்தான் உதவும்.

ஒரே வளைவு, இரண்டு கார்கள்

செம்மண்ணில் சரளை சிதறிய ஓர் இடது வளைவு. நடுவில் இரண்டு சக்கரத்தடங்கள் கெட்டித்திருக்கின்றன, வெளிவிளிம்பில் உருண்டைக் கற்கள் குவிந்து கிடக்கின்றன. மூன்றாவது கியரில் வருகிறீர்கள்.

முன்சக்கரக் காரில் நேர்கோட்டிலேயே பிரேக் போட்டுவிட்டு, பிரேக்கை முழுசாக விடுவதற்கு முன்னால் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். பிரேக்கால் எடை மூக்கில் இறங்கியிருக்கும் அந்தக் கணத்தில் முன்டயர்கள் மண்ணைக் கவ்வும், பின்பக்கம் லேசாகி ஒரு சாண் வெளியே நகரும். அந்த நகர்வு உங்களுக்கு வேண்டியதுதான், காரைத் திருப்புவது அதுதான். வேகம் கொஞ்சம் கூடிவிட்டால் ஸ்டீயரிங் திடீரென்று இலேசாகும். மூக்கு திரும்ப மறுத்து வெளிவிளிம்புக் கற்களை நோக்கி வழுக்கும். இதுதான் அண்டர்ஸ்டீயர். கை தானாகவே இன்னும் ஒடிக்கப் பார்க்கும், ஒடிக்காதீர்கள். ஏற்கெனவே வழுக்கும் டயரை மேலும் திருப்பினால் அது மண்ணைத் தள்ளும் பலகையாகிவிடும். ஸ்டீயரிங்கைச் சற்றுத் தளர்த்துங்கள், வலது காலை ஆக்ஸிலரேட்டரில் வைத்தபடியே இடது காலால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள். முன்சக்கரங்களை இன்ஜின் இழுத்துக்கொண்டிருப்பதால் பிரேக்கின் வேலை பெரும்பாலும் பின்சக்கரங்களில் தெரியும். வால் சுழலும், மூக்கு உள்ளே வரும். பிறகு ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால், முன்சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கார் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகும்.

அதே வளைவில் பின்சக்கரக் கார். இதில் முன்டயருக்குத் திருப்பும் வேலையும் பிரேக் வேலையும் மட்டும்தான். அதனால் மூக்கு சொன்ன பேச்சு கேட்கும். நீங்கள் சற்று முன்னதாகவே திருப்பி, ஆக்ஸிலரேட்டரால் பின்சக்கரங்களைச் சறுக்க விடுகிறீர்கள். வால் வெளியே வருகிறது. உடனே ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம், வலது பக்கம், போக வேண்டும். இப்போது காரின் கோணத்தைப் பிடித்திருப்பது உங்கள் கை அல்ல, வலது கால். கொஞ்சம் அதிகமாக மிதித்தால் கோணம் பெருகும், கொஞ்சம் விட்டால் குறையும். பயந்துபோய் சட்டென்று காலை எடுத்துவிட்டால் எடை முன்னால் பாய்ந்து, வால் ஒரே வீச்சில் எதிர்ப்பக்கம் வரும். பெரும்பாலான சுழற்சிகள் இந்த இரண்டாவது வீச்சில்தான் நடக்கின்றன. சரியாகச் செய்தால் இதைவிட அழகான ஓட்டம் கிடையாது. ஆனால் பக்கவாட்டில் சறுக்கும் ஒவ்வொரு மீட்டரும் முன்னேறாத மீட்டர் என்பதை ஸ்டாப்வாட்ச் மறக்காது.

இரண்டையும் ஒப்பிட்டால் புதியவருக்கு எது ஏற்றது என்பது விளங்கும். முன்சக்கரக் காரில் தப்பு நடந்தால் பொதுவாக மூக்கு அகலப் போகும், காலை விட்டால் வேகம் குறைந்து மீண்டும் பிடிக்கும். பின்சக்கரக் காரில் தப்பு நடந்தால் கார் சுழலும், காலை விடுவதே அதை மோசமாக்கும். ஆனால் முன்சக்கரக் காரிலும் ஒரு கண்ணி உண்டு. வேகமான வளைவின் நடுவில் காலைச் சட்டென்று எடுத்தால் லேசான வால் சுழன்று வெளியே வரும். அப்போது பிரேக்கைத் தொடக்கூடாது. வால் போகும் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்து இழுத்து நேராக்க வேண்டும்.

உலக ராலி காட்டிய வழி

சின்ன முன்சக்கரக் காரால் பெரிய காரை வெல்ல முடியும் என்பதை 1960-களிலேயே இரண்டு கார்கள் நிரூபித்தன. ஸ்வீடனின் எரிக் கார்ல்ஸன், சாப் 96 காரில் 1960, 1961, 1962 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியை வென்றார். 1962-லும் 1963-லும் மான்டி கார்லோவும் அவருக்கே. அடுத்து மினி கூப்பர் எஸ் வந்தது. 1964-ல் பேடி ஹாப்கிர்க், 1965-ல் டிமோ மாக்கினன், 1967-ல் ரௌனோ ஆல்டோனன் என்று மான்டி கார்லோவில் மூன்று வெற்றி. பனியும் ஐஸும் கிடந்த மலைப்பாதையில், குறைந்த சக்தியும் முன்சக்கரத்தில் இறங்கிய எடையும் கைகொடுத்தன. இடது கால் பிரேக்கை ஸ்காண்டிநேவிய ஓட்டுநர்கள் கூர்மையாக்கியதும் இந்தக் கார்களில்தான்.

இன்ஜின்களின் சக்தி கூடியதும் காற்று திசை மாறியது. ஃபோர்டு எஸ்கார்ட் 1972 முதல் 1979 வரை தொடர்ந்து எட்டு ஆர்.ஏ.சி. ராலிகளை வென்றது. லான்சியா ஸ்ட்ராட்டோஸ் 1974, 1975, 1976-ல் உலகத் தயாரிப்பாளர் பட்டம் பெற்றது. இரண்டும் பின்சக்கரக் கார்கள். 1981-ல் ஆடி குவாட்ரோ நான்கு சக்கர இயக்கத்தோடு வந்தபின், 1983-ல் லான்சியா 037 ஒரு முறை எதிர்த்து நின்று தயாரிப்பாளர் பட்டத்தைப் பிடித்தது. இரண்டு சக்கரங்களை மட்டும் இயக்கும் கார் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே கடைசி. இருந்தாலும் 1999-ல் பிலிப் புகால்ஸ்கி, முன்சக்கர சிட்ரோயன் சாரா கிட் காரில், கேடலோனியா, கோர்சிகா தார் ராலிகள் இரண்டிலும் நான்கு சக்கர உலக ராலி கார்களையே தோற்கடித்தார். எடை குறைந்த கார், நல்ல டயர், காய்ந்த தார், டிஃபரன்ஷியலில் சரியான லாக் எல்லாம் கூடி வந்தால் முன்சக்கரமும் எந்த உயரத்துக்கும் போகும்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஜோகிந்தர் சிங். கென்யாவில் பிறந்து வளர்ந்த அந்த சீக்கியர், 1965-ல் வோல்வோ பி.வி.544-இலும், 1974, 1976-ல் மிட்சுபிஷி லான்சர் 1600 ஜி.எஸ்.ஆர்.-இலும் சஃபாரி ராலியை வென்றார். இரண்டும் பின்சக்கரக் கார்கள். சேறும் புழுதியும் குழியுமான ஆப்பிரிக்கப் பாதையில் அவருடைய பலம் வேகம் மட்டுமல்ல. காரை உடைக்காமல் கடைசி வரை கொண்டுவந்து சேர்த்ததும்தான். அதே லான்சர் பெயரில் 1998 முதல் நம் திருவள்ளூரில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தயாரான கார் முன்சக்கரக் கார். இருபது ஆண்டு இடைவெளியில் சாதாரணக் கார் உலகமே முன்சக்கரத்துக்கு மாறிவிட்டது. ராலியில் நாம் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் அந்த மாற்றமே பெருமளவு தீர்மானித்துவிட்டது.

நம்மூரில் கிடைக்கும் கார்கள்

சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் இந்தியச் சாலையில் ஓடியவை பெரும்பாலும் பின்சக்கரக் கார்கள்: அம்பாசடர், ஃபியட், வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1983 டிசம்பரில் மாருதி வந்ததும் நிலைமை மாறியது. எஸ்டீம், பலேனோ, ஹோண்டா சிட்டி, சிடியா, போலோ என்று தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் வகுப்புகளை அடுத்தடுத்து நிரப்பியவை முன்சக்கரக் கார்கள். இன்று உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ. வகுத்துள்ள ஏணியிலும் முதல் இரண்டு படிகளான ராலி 5, ராலி 4 முன்சக்கரக் கார்களுக்கே. மூன்றாவது படியிலிருந்துதான் நான்கு சக்கர இயக்கம். ஆக, முன்சக்கரத்தில் கற்றது எதுவும் வீண் போகாது, மேலே போகும் பாதையும் அதன் வழியாகத்தான்.

பின்சக்கரத்தில் ஆசை இருப்பவருக்கு என்ன வழி? நம் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பழைய பத்மினி, அம்பாசடர், கான்டெஸா, அல்லது ஆம்னி, ஈகோ போன்ற வேன்கள், அல்லது ஜிப்ஸி. ஆம்னியில் இருப்பது மாருதி 800-ன் அதே 796 சி.சி. இன்ஜின்தான். ஒன்றில் முன்சக்கரத்தை இழுக்கிறது, மற்றொன்றில் சீட்டுக்கு அடியில் இருந்து பின்சக்கரத்தைத் தள்ளுகிறது. ஆனால் உயரமான, குறுகலான வேனை ஸ்டேஜ் ராலிக்கு நினைக்கவே வேண்டாம், கவிழும்.

ஜிப்ஸியின் கதை வேறு. ஜிப்ஸி கிங்கும் எஸ்டீமும் ஒரே குடும்பத்து 1298 சி.சி. இன்ஜின் கொண்டவை. எஸ்டீம் தாழ்ந்த மோனோகாக் உடல், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். ஜிப்ஸி ஏணிச் சட்டம், முன்னும் பின்னும் முழு ஆக்சில், லீஃப் ஸ்பிரிங். சாதாரணமாகப் பின்சக்கரத்தில் ஓடும், தேவைப்பட்டால் நான்குக்கும் மாற்றலாம். மேடுபள்ளமான கிராஸ் கன்ட்ரி போட்டிக்கு ஜிப்ஸி. வளைந்து வளைந்து போகும் ஸ்டேஜுக்கு எஸ்டீம். இந்த இரண்டு கார்களையும் அடுத்தடுத்து நிறுத்தி, அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் உங்கள் கண் முன்னால் இருக்கும்.

பதினைந்து வயது தாண்டிய கார் என்றால் எஃப்.சி. எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ராலியில் ஸ்டேஜுக்கும் ஸ்டேஜுக்கும் இடையே பொதுச் சாலையில்தான் ஓட்டியாக வேண்டும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் சரியில்லாத கார் எவ்வளவு வேகமானாலும் பயனில்லை.

எது உடையும், யார் சரிசெய்வார்?

சென்னையின் மேற்குப் புறநகர்வாசிக்கு வேறு எந்த ஊர்க்காரருக்கும் இல்லாத வசதி ஒன்று உண்டு. பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்.; அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங் என்று கார் பாகங்களின் உலகமே நம் வீட்டுக்கு அருகில் இருக்கிறது. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டின் சந்துகளில் லேத், மில்லிங், கிரைண்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் என்று தனித்தனி வேலைக்குத் தனித்தனிப் பட்டறைகள் உண்டு. ஒரு புஷ்ஷையோ, ஷாக் அப்சார்பர் மவுன்ட்டையோ, சம்ப் கார்டு பிராக்கெட்டையோ மாதிரி காட்டிச் செய்து வாங்கிவிடலாம். பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. இந்த வசதி இரண்டு வகைக் கார்களுக்கும் உதவும், ஆனால் வேறு வேறு விதமாக.

முன்சக்கரக் காரில் முதலில் போவது டிரைவ் ஷாஃப்ட் முனையில் உள்ள ரப்பர் உறை. மெக்கானிக்குகள் ஆக்சில் பூட் என்பார்கள். கல் பட்டு அதில் நகக்கீறல் அளவு கிழிசல் விழுந்தால் போதும். கிரீஸ் வெளியே தெறிக்கும், மண் உள்ளே போகும். அடுத்த ஸ்டேஜில் முழு ஒடிப்பில் 'டக் டக்' சத்தம், அதற்கடுத்ததில் ஜாயின்ட் உடைந்து கார் நிற்கும். ஒவ்வொரு சர்வீஸ் பார்க்கிலும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, பூட்டின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். வீலின் உள்பக்கத்தில் கருப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது என்று பொருள். முழுதாக அசெம்பிள் செய்த ஆக்சில் இரண்டு, இடது ஒன்று வலது ஒன்று, சர்வீஸ் வண்டியில் இருந்தாக வேண்டும். பழகிய மெக்கானிக் மொத்தமாகவே மாற்றிவிடுவார்.

முன்டயர்கள் திருப்புவது, பிரேக் பிடிப்பது, இழுப்பது என மூன்று வேலையும் செய்வதால் சீக்கிரம் தேயும். டயர் பட்ஜெட்டை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே உறையில் இருப்பதால், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். சம்ப் கார்டு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றையும் அந்த ஒரு தகடுதான் காக்கிறது.

பின்சக்கரக் காரில் உடையும் இடங்கள் பரவிக் கிடக்கின்றன: புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ், கிரவுன் பினியன், பின் ஆக்சில், ஹவுசிங். ஒவ்வொன்றும் தனித்தனியாக இருப்பதால் எட்டிக் கழற்றலாம் என்பது பெரிய வசதி. தார் ஸ்டேஜுக்கு ஒன்று, சரளைக்கு ஒன்று என்று கிரவுன் பினியன் விகிதத்தை மாற்றுவதும் சுலபம். ஷாஃப்ட் பேலன்ஸிங், கிராஸ் பொருத்துவது, ஹவுசிங் வெல்டிங் எல்லாம் லாரி வேலை பார்க்கும் பட்டறைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிக்கல் பாகங்கள் கிடைப்பதில்தான். பத்மினிக்கோ கான்டெஸாவுக்கோ நல்ல கிரவுன் பினியன் தேடி அலைவது போட்டிக்கு முந்தைய வாரத்தில் நடக்கிற காரியமல்ல. நேற்று வரை டாக்ஸியாக ஓடிய முன்சக்கரக் காரின் பாகமோ எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மழைக்காலத்துக்கு ஒரு குறிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் ஈரக் களிமண் மேட்டில் முன்சக்கரக் கார் ஏற மறுத்தால், சர்வீஸ் வழிகளில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். பின்னோக்கி ஏறும்போது சாயும் எடை முழுவதும் இயக்கும் சக்கரங்களின் மேலேயே விழும். ஸ்டேஜுக்குள் இதைச் செய்யக்கூடாது. எதிரே வருபவர் உயிருக்கு ஆபத்து.

பயிற்சி: எங்கே, எப்படி?

ஆவடி பைபாஸிலோ வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ ஒருபோதும் பழகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு, அரசின் எழுத்துமூல அனுமதியின்றிப் பொது இடத்தில் வேகப் போட்டி நடத்துவதையும் அதில் கலந்துகொள்வதையும் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்தின்படி முதல் முறை பிடிபட்டாலே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தைவிடப் பெரியது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் உயிர். ஏரிகளிலும் இறங்க வேண்டாம். செம்பரம்பாக்கமும் புழலும் ஊருக்குக் குடிதண்ணீர் தருபவை. வற்றிய ஏரியில் போடும் டயர் தடமும் சிந்தும் ஆயிலும் நம் குடத்துக்கே திரும்பி வரும்.

சரியான இடம் பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் எட்டிவிடும் தூரத்திலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால், இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் திறந்த பந்தயத்தடம் அது. கிளப்புகள் நடத்தும் ஆட்டோகிராஸ், டைம்–ஸ்பீடு–டிஸ்டன்ஸ் ராலி ஆகியவற்றில் சாதாரணக் காரோடு கலந்துகொள்ளலாம். தனியார் நிலமென்றால் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி, கையில் தீயணைப்பான், ஹெல்மெட், சீட் பெல்ட், பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இவையெல்லாம் கட்டாயம்.

பயிற்சி வரிசை:

1. வட்டம். சுமார் 15 மீட்டர் ஆரத்துக்கு கோன் வைத்து, இரண்டாவது கியரில் மெல்ல வேகம் கூட்டுங்கள். முன்சக்கரக் கார் வட்டத்தை விட்டு அகலப் போகும் இடத்தையும், பின்சக்கரக் கார் வால் வெளியே வரும் இடத்தையும் உடம்பால் உணருங்கள். வேகம் முக்கியமல்ல, அந்த எல்லை வருவதற்குச் சற்று முன்னால் ஸ்டீயரிங்கில் தெரியும் மாற்றமே முக்கியம்.

2. இடது கால். நேர்கோட்டில், குறைந்த வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கைத் தொட்டு எடுங்கள். கிளட்ச் மிதித்துப் பழகிய கால் முதலில் முரட்டுத்தனமாகத்தான் மிதிக்கும். அது மென்மையாகும் வரை வளைவில் முயல வேண்டாம்.

3. ஹேண்ட்பிரேக் திருப்பம். ஹேர்பின்னுக்கு இது வேண்டும். முன்சக்கரக் காரில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து விட்டாலே வால் சுழலும். பின்சக்கரக் காரில் இழுக்கும்போது கிளட்சையும் மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் நின்றுவிடும்.

4. நேவிகேட்டருடன் ஒரு பாதை. நேவிகேட்டர் வாசிக்கும் பாதைக் குறிப்புகளான பேஸ் நோட்ஸில் வளைவின் கோணத்தோடு தரையையும் எழுதுங்கள்: 'உருண்டைக் கல்', 'கெட்டித் தடம்', 'ஈரம்', 'இறக்கம்'. மேலே போட்ட எடைக் கணக்கு இந்தச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. முன்சக்கரக் காரில் 'இறக்கம்' என்று கேட்டால் தைரியமாகப் போகலாம். 'ஏற்றம், இளகல்' என்று கேட்டால் வேகத்தை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டும், மேட்டின் நடுவில் மிதித்தால் சக்கரம் மட்டும்தான் சுற்றும்.

முதல் சீசனை முன்சக்கரத்தில் முடித்துவிட்டு, நண்பரின் பின்சக்கரக் காரில் வட்டப் பயிற்சியைச் செய்து பாருங்கள். வலது காலால் காரைத் திருப்பும் அந்தப் பாடத்தை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தராது. திரும்பி வந்து உங்கள் காரை ஓட்டும்போது முன்பு கவனிக்காத நுணுக்கங்கள் புலப்படும். நல்ல ராலி ஓட்டுநர் எந்தச் சக்கரத்தின் கட்சிக்காரரும் அல்ல. எடை இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது, அடுத்த கணத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பதை அறிந்தவர்.

முன்பணம் கொடுக்கும் முன் சரிபார்க்க

• போட்டி நடத்தும் அமைப்பின் இந்த ஆண்டு விதிகளில் இந்த மாடலுக்கு இடம் உண்டா? எந்த வகுப்பு? இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் உரிமம் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

• நீங்கள் ஓட்டப்போவது கேத்தனூர் காற்றாலைப் பக்கச் சரளையா, சிக்மகளூர் காபித் தோட்டப் பாதையா, தார் தடமா? பெரும்பகுதி சரளை என்றால் முன்சக்கரம். தார் தடமும் சக்திவாய்ந்த இன்ஜினும் என்றால் பின்சக்கரத்தை யோசிக்கலாம்.

• ஆக்சில் அல்லது கிரவுன் பினியன் இரண்டு செட், போட்டிக்கு ஒரு மாதம் முன்னதாகவே கையில் கிடைக்குமா? இல்லையென்றால் அந்தக் கார் வேண்டாம்.

• உங்கள் மெக்கானிக் அந்த மாடலின் கியர்பாக்ஸைத் தனியாக இறக்கி ஏற்றியவரா?

• ரோல் கேஜ், சீட், ஆறு முனை பெல்ட், ஹெல்மெட், தீயணைப்பான், சம்ப் கார்டு ஆகியவற்றுக்கான பணத்தை முதலில் எடுத்துவைத்துவிட்டீர்களா? மிச்சம் இருப்பதுதான் காருக்கான பணம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.